மருத்துவமனையில் 152, வீட்டில் 128... எந்த பிபி உண்மை? ரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பது எப்படி?

மாடிப்படி ஏறி மூச்சிரைக்க கிளினிக்குக்குள் நுழைகிறார் ஒருவர். டோக்கன் வாங்கி உட்காரக்கூட இல்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி பிபி பார்க்கிறார்கள். "152/94 இருக்கு சார், கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்கிறார் நர்ஸ். பயந்துபோய் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு மெஷினை வாங்கிப் பார்த்தால் 128/82. "டாக்டர் சும்மா பயமுறுத்துறார்" என்று மருந்துச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்.

இன்னொரு வீட்டில் கதை வேறு. ஆறு மாதமாக பிரஷர் மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு இப்போது 120/80 காட்டுகிறது. "அதான் நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்.

இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து முடிவெடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. எப்படி உட்கார்ந்தோம், எப்போது பார்த்தோம், எந்தப் பட்டையைக் கட்டினோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அப்படியென்றால் எந்த எண்ணை நம்புவது?

120/80: இந்த இரண்டு எண்கள் சொல்வது என்ன?

வீட்டில் மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. அப்போது குழாயின் உட்சுவர் மீது ஒரு அழுத்தம் இருக்கும். இதயம்தான் உடம்பின் மோட்டார், ரத்தக் குழாய்கள்தான் பைப். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதை சிஸ்டாலிக் என்கிறார்கள். அடுத்த துடிப்புக்கு முன்பு இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் குழாயில் மிச்சம் இருக்கும் அழுத்தம் கீழ் எண், அதாவது டயஸ்டாலிக்.

120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம் என்று பொருள். ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் அது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. அதே அழுத்தம் தண்ணீரைத் தூக்கினால் சுமார் 163 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி 4 அங்குலம் உயரத்துக்கு ஏறும். ஒவ்வொரு துடிப்பிலும் குழாய்ச் சுவர் இதைத் தாங்க வேண்டும். ஒரு நாளில் இதயம் துடிப்பது சுமார் ஒரு லட்சம் முறை.

கையில் பட்டை கட்டும் வழக்கம் எப்படி வந்தது?

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தது மனிதனிடம் அல்ல, விலங்குகளிடம். இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியது. இந்த முடிவை 1733-ல் அவர் வெளியிட்டார். ஆனால் மனிதர்களுக்கு இப்படிச் செய்ய முடியாதே!

1896-ல் இத்தாலிய மருத்துவர் ஷிப்பியோனே ரீவா-ரோச்சி அதற்கு வழி கண்டுபிடித்தார். மேல்கையில் ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அதற்குத் தேவைப்படும் அழுத்தத்தைப் பாதரச மானியில் பார்த்தார். இதில் மேல் எண் மட்டும்தான் தெரிந்தது. 1905-ல் ரஷ்ய அறுவைச் சிகிச்சை மருத்துவர் நிகோலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது 'டொக், டொக்' என்று சத்தம் ஆரம்பிக்கும் இடம் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண். இன்றைக்கும் ஸ்டெதஸ்கோப் வைத்து பிபி பார்க்கும் டாக்டர் கேட்பது இந்தச் சத்தத்தைத்தான்.

வீட்டு டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. ரத்தம் பாயும்போது பட்டைக்குள் ஏற்படும் சிறு அதிர்வுகளைப் பிடித்து, அதிலிருந்து இரண்டு எண்களையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. பட்டை தளர்வாக இருந்தாலோ, கை அசைந்தாலோ கணக்கு தப்பாகிவிடும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவர்களுக்கும் எண் முன்னே பின்னே வரலாம். அவர்கள் ஒன்றுக்கு இரண்டு, மூன்று முறை பார்ப்பது நல்லது.

எவ்வளவு இருந்தால் 'ஹை பிபி'?

இந்தியாவிலும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும், மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். இரண்டு எண்ணும் தாண்ட வேண்டும் என்பதில்லை, ஒன்று தாண்டினாலே போதும். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-ல் இந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தன. அதனால்தான் இணையத்தில் தேடினால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன.

வீட்டில் பார்க்கும்போது எல்லை வேறு. பதற்றம் குறைவாக இருப்பதால், வீட்டுச் சராசரி 135/85 என்பதே மருத்துவமனையின் 140/90-க்குச் சமமாகக் கருதப்படுகிறது. "வீட்டில் 138 தானே, 140-ஐத் தாண்டலையே" என்று நிம்மதி அடைய முடியாது.

எந்தத் தொந்தரவும் இல்லையே, பிறகு ஏன் கவலை?

'தலைசுத்தல் இல்லை, தலைவலி இல்லை, அப்போ பிபி இல்லை' என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. உலகம் முழுக்க 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 130 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்னை இருப்பதாகவும், அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம், அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 186/108. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல மாத்திரை எதுவும் அப்போது கிடையாது. வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்று பல டாக்டர்களே நினைத்த காலம் அது. 1945 ஏப்ரல் 12-ம் தேதி, பின்தலை கடுமையாக வலிக்கிறது என்று சொன்ன ரூஸ்வெல்ட் சற்று நேரத்தில் நினைவிழந்தார். மூளையில் ரத்தக் கசிவு. அப்போது பதிவான அழுத்தம் 300/190. அன்றே உயிர் பிரிந்தது. வயது 63.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-ல், அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கிறது என்பதை உலகுக்குப் புரியவைத்தது அந்த ஆய்வுதான். 1958-ல் குளோரோதயசைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

40 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, 115-க்கு மேல் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதம், மாரடைப்பால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சிகிச்சையால் மேல் எண்ணை 10 குறைத்தால், பெரிய இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் சுமார் 20 சதவீதம் குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது.

10 எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. அந்த 10 எண், உட்காரும் விதத்தினாலேயே ஏறி இறங்கிவிடும் என்பதுதான் சிக்கல்.

எதனால் எண் மாறுகிறது?

கையின் உயரம்: பட்டை கட்டிய இடம் இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் மேல் எண் சுமார் 8 கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 133 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியிட்ட முடிவு இது: கையை மேஜை மேல் வைத்தால் வரும் எண்ணைவிட, மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டால் சுமார் 6.5 கூடுதலாகக் காட்டியது.

பட்டையின் அளவு: 'கஃப்' எனப்படும் பட்டை எல்லோருக்கும் ஒரே சைஸ் அல்ல. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் அளவுக்குக் கை பருமனானவர்களுக்குச் சாதாரண பட்டையைக் கட்டியபோது, மேல் எண் ஏறக்குறைய 20 கூடுதலாக வந்ததை 2023-ல் வெளியான இன்னொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு காட்டியது. 125 இருப்பவருக்கு 145 காட்டி, தேவையே இல்லாத மாத்திரை ஆரம்பிக்கக்கூடும். பட்டை மிகப் பெரிதாக இருந்தால் தலைகீழ். இருக்கும் அழுத்தம் குறைவாகத் தெரியும்.

பேச்சு: பட்டை இறுகும்போது நர்ஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னாலே எண் ஏறும். செல்போனில் பேசிக்கொண்டே பார்த்தாலும் அப்படித்தான்.

சிறுநீர்: அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அழுத்தம் கூடும்.

கால்: கால் மேல் கால் போட்டாலோ, கால் தரையில் படாமல் தொங்கினாலோ, முதுகு சாயாமல் உட்கார்ந்தாலோ கூடுதலாகக் காட்டும். பரிசோதனைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

காபி, டீ, சிகரெட், நடை: எதுவானாலும் முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

வலி மாத்திரை: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. தொடர்ந்து சாப்பிடுபவர்கள் இதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டில் சரியாகப் பார்ப்பது எப்படி?

1. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் டிபனுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் முன்பு பாருங்கள். இரவில் தூங்கப் போகும் முன்பு இன்னொரு முறை.

2. முதுகு சாய்ந்து உட்காரும் நாற்காலி, பக்கத்தில் ஒரு மேஜை. இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்கட்டும்.

3. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

4. பட்டையை வெறும் மேல்கையில் கட்டுங்கள். அதன் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை நெரிக்கும். அந்தக் கையைக் கழற்றிவிடுவது நல்லது.

5. கையை மேஜை மேல் தளர்வாக வையுங்கள். உயரம் போதவில்லை என்றால் கீழே ஒரு தலையணை வைக்கலாம்.

6. ஒரு முறை பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். நன்றாக வந்ததை மட்டும் எழுதி, அதிகமாக வந்ததை விட்டுவிடக் கூடாது.

இப்படி ஏழு நாள் பார்த்தால் 28 அளவுகள் கிடைக்கும். முதல் நாளின் நான்கையும் விட்டுவிடலாம். புது மெஷின், புதுப் பழக்கம் என்பதால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மீதி 24-ன் சராசரிதான் உங்கள் வீட்டு ரத்த அழுத்தம். ஏழு நாள் முடியாவிட்டால் குறைந்தது மூன்று நாளாவது பாருங்கள்.

முதல் தடவை மட்டும் இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கையில் அதிகமோ, இனி அந்தக் கையில்தான் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் பார்த்தும் இரண்டு கைகளுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்த மெஷின் வாங்குவது?

மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின்தான் வீட்டுக்கு ஏற்றது. மணிக்கட்டில் கட்டுவது சிறியதாக, வசதியாக இருந்தாலும், கையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் எளிதாக மாறிவிடும். பட்டையே இல்லாமல் பிபி காட்டுவதாகச் சொல்லும் ஸ்மார்ட் வாட்சுகளை நம்பி நோயைக் கண்டறிவதோ, மருந்தை மாற்றுவதோ கூடாது என்பதே மருத்துவ அமைப்புகளின் இப்போதைய நிலைப்பாடு.

வாங்கும் முன் தையல் டேப்பால் மேல்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பட்டை எத்தனை சென்டிமீட்டரில் இருந்து எத்தனை சென்டிமீட்டர் வரை பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த அளவுக்குள் உங்கள் கை வருகிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகு அதை ஒரு முறை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவமனையில் அதிகம், வீட்டில் நார்மல்: என்ன அர்த்தம்?

டாக்டரைப் பார்த்ததும் பதற்றத்தில் அழுத்தம் ஏறுவதை 'வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம்' என்கிறார்கள். இவர்களுக்கு உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம். ஆனால் பிறகு உண்மையிலேயே உயர் ரத்த அழுத்தம் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலைதான் அதிக ஆபத்தானது. மருத்துவமனையில் நார்மலாக இருக்கும், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஏறிவிடும். இதை 'மறைந்திருக்கும் ரத்த அழுத்தம்' என்கிறார்கள். கிளினிக்கில் மட்டும் பார்த்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். சந்தேகம் இருந்தால், 24 மணி நேரமும் கையில் கட்டியபடியே இருக்கும் மெஷின் ஒன்றைப் பரிந்துரைப்பார்கள். தூக்கத்தில் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். அது இறங்குகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்னொரு தடவை பிபி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் அப்படி வந்தால், சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாகவே இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அழுத்தம் சட்டென்று விழுந்தாலும் ஆபத்துதான்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. 140/90 வந்தாலே அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் தலைவலி, மேல்வயிற்று வலி, கண் மங்குதல், முகவீக்கம் சேர்ந்திருந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தான நிலையாக இருக்கலாம்.

வயதானவர்கள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பார்க்க வேண்டும். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நார்மல் ஆகிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

120/80 வந்தது மாத்திரையால். மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் பழையபடி ஏறிவிடும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக்கூட எகிறும். எடை குறைந்து, உப்பு குறைந்து, தினமும் நடந்து, வீட்டுச் சராசரி தொடர்ந்து குறைவாகவே இருந்தால் மருந்தைக் குறைக்க முடியுமா என்று டாக்டர் பார்ப்பார். அந்த முடிவுக்கு அவருக்குத் தேவைப்படுவது நீங்கள் எழுதி வைத்த நோட்டு.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடும் உப்பு மட்டும் கணக்கல்ல. ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் எல்லாமே இதில் சேரும்.

மெஷின் வாங்க வசதி இல்லை என்பவர்களும் விட்டுவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் வயலில் இருந்தோ கடையில் இருந்தோ ஓடி வந்து உடனே கையை நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் காட்டுங்கள்.

மொத்தத்தில்...

முதலில் பார்த்த இருவரின் கதைக்கு வருவோம். 152 வந்தவருக்கு உண்மையிலேயே பிபி இருக்கிறதா இல்லையா என்பதை அந்த 152-ம் சொல்லாது, பக்கத்து வீட்டு மெஷினின் 128-ம் சொல்லாது. சரியாக உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்த சராசரிதான் சொல்லும். மாத்திரையை நிறுத்திய அம்மாவுக்கு, அந்த 120 மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அத்தாட்சி, நிறுத்துவதற்கான அனுமதி அல்ல.

அடுத்த முறை பிபி பார்க்கும்போது "எவ்வளவு இருக்கு?" என்று கேட்கும் முன்பு, முதுகு சாய்ந்திருக்கிறதா, கால் தரையில் இருக்கிறதா, கை மேஜை மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில் அவசரமாகப் பட்டை கட்டினால், "அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கிறேன், அப்புறம் பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. சரியான எண் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.